ஒரு ஃபிளாக் பிறந்து மறைந்த கதை

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் 'இன்டரப்ட்.ஹெச்' என்றொரு கோப்பு இருக்கிறது. டிவைஸ் டிரைவர் எழுதுகிறவர்கள் அடிக்கடி எட்டிப்பார்க்கும் இடம். அதிலுள்ள ஃபிளாக்குகளின் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் இடறும். ஒரு ஃபிளாக்குக்கு ஒரு பிட் என்பதால் மதிப்புகள் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகின்றன. 16-க்கு அடுத்து 32 வர வேண்டும், வருவதோ 128. நடுவில் குடியிருந்த இருவரும் காலமாகிவிட்டார்கள். 64-இல் இருந்தவர் கதை சின்னது, பிறகு சொல்கிறேன். 32-இல் இருந்தவர் பெயர் ஐஆர்க்யூஎஃப் டிஸேபிள்டு. அதற்கு முன்னால் அவருக்கு வேறு பெயர், வேறு வேலை. ஏறத்தாழ லினக்ஸ் அளவுக்கே வயதான ஆள்.

பொறியியல் கல்லூரியில் 8085 நுண்செயலியைப் படித்தவர்களுக்கு ஈஐ, டிஐ என்ற இரண்டு கட்டளைகள் நினைவிருக்கும். முன்னது இன்டரப்டை அனுமதிக்கும், பின்னது தடுக்கும். இன்டெலின் பிற்கால எக்ஸ்86 சில்லுகளில் அதே வேலையை எஸ்டிஐ, சிஎல்ஐ செய்கின்றன. விசைப்பலகை, வட்டு, நெட்வொர்க் அட்டை என ஏதோ ஒரு சாதனம் செயலியின் கவனத்தைக் கேட்கிறது. செயலி செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அந்தச் சாதனத்துக்கான ஹேண்ட்லர் நிரலை ஓட்டுகிறது. இதுவரை சிக்கல் இல்லை. அந்த ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சாதனம் கூப்பிட்டால்? உடனே போவதா, கையிலிருப்பதை முடித்துவிட்டுப் போவதா? நம் ஃபிளாக்கின் பிறப்பு, வாழ்வு, சாவு மூன்றும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் 1991-இல் எழுதத் தொடங்கியபோது அவர் கையில் இருந்தது 386 கணினி. ஐபிஎம் ஏடி வழிவந்த அந்தக் கணினிகளில் 8259 என்ற இன்டரப்ட் கட்டுப்படுத்திச் சில்லு இரண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கம்பி. ஒன்றை மற்றொன்றோடு இணைக்க ஒரு கம்பி செலவாகிவிடுவதால் மிச்சம் 15. மோடமும் சுட்டியும் சீரியல் போர்ட்டில் தொங்கும். அந்தப் போர்ட்டை நடத்திய 8250 சில்லில் வந்து சேரும் எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஒரு பைட் இடம். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், தொடக்க பிட்டும் முடிவு பிட்டும் சேர்த்து எழுத்துக்குப் பத்து பிட் என்று கணக்கிட்டால், ஏறக்குறைய ஒரு மில்லிநொடிக்கு ஓர் எழுத்து வரும். அடுத்தது வந்து முடிவதற்குள் முந்தையதை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அது போனது போனதுதான். 38,400 வேகத்துக்குப் போனால் அவகாசம் 260 மைக்ரோநொடியாகச் சுருங்கும். பிறகு வந்த 16550ஏ சில்லில் 16 பைட் வரிசை இருந்ததால் மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஆனால் எல்லோர் கணினியிலும் அது இல்லை.

ஆகவே இன்டரப்டுகளை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள்: வேகமானவை, மெதுவானவை. மெதுவான ஹேண்ட்லர் ஓடும்போது மற்ற இன்டரப்டுகள் உள்ளே வரலாம். முடிந்ததும் கெர்னல் தன் வழக்கமான வேலைகளையெல்லாம் பார்க்கும், அடுத்து எந்த நிரல் ஓடட்டும் என்பது உட்பட. வேகமான ஹேண்ட்லருக்கு இந்தச் சடங்கு எதுவும் கிடையாது. எல்லா ரிஜிஸ்டரையும் சேமிப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஓடும். முடித்த கையோடு பழைய வேலைக்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் அசெம்பிளியில் தனித்தனி நுழைவாயில்களே கட்டப்பட்டிருந்தன. நான் வேகமான சாதி என்று டிரைவர் அறிவித்துக்கொள்ளும் அடையாளம்தான் நம் ஃபிளாக். அன்றைய பெயர் எஸ்ஏ இன்டரப்ட்.

அந்த எஸ்ஏ எங்கிருந்து வந்தது? யூனிக்ஸில் ஒரு புரோகிராமுக்குச் சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று குறித்துவைக்க 'சிக்ஆக்‌ஷன்' என்றொரு ஸ்ட்ரக்சர் உண்டு. 1.0-க்கு முந்தைய லினக்ஸில் வன்பொருள் இன்டரப்டுகளையும் அதே ஸ்ட்ரக்சரில் போட்டு வைத்திருந்தார்கள். பதினாறு கம்பிக்குப் பதினாறு சிக்ஆக்‌ஷன். இது சற்று அசட்டுத்தனம்தான், வரலாற்றுக் காரணத்தால் இருக்கிறது, நன்றாகத்தான் ஓடுகிறது என்ற தொனியில் அந்த நிரலிலேயே ஒரு குறிப்பு உண்டு. வேடிக்கை என்னவென்றால், லினக்ஸின் சிக்னல் பக்கத்தில் எஸ்ஏ இன்டரப்டுக்கு எந்த வேலையும் இல்லை. பழைய யூனிக்ஸ் புரோகிராம்கள் கம்பைல் ஆகட்டும் என்று பெயரளவில் வைத்திருந்தார்கள். சொந்த ஊரில் வேலையில்லாதவர் அயலூரில் பெரிய உத்தியோகம் பார்த்தார்.

வேகமான சாதியில் யார் யார் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் ஓட்டை தெரியும். சீரியல் டிரைவர் சேர்ந்தது. நியாயம், ஓர் எழுத்தை எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? டைமர் சேர்ந்தது, அதுவும் சரி. ஐடிஇ வட்டு டிரைவரும் சேர்ந்தது! டிஎம்ஏ பரவலாகாத அந்நாளில் வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு செக்டரின் 512 பைட்டையும் செயலியே 16 பிட் 16 பிட்டாக 256 தடவை இழுத்துப்போட வேண்டும். அதுவும் ஒரே இன்டரப்டில் பல செக்டர்களை இழுக்கும் வசதி வேறு இருந்தது. இவ்வளவும் கதவைச் சாத்திக்கொண்டு. அந்நேரம் மோடத்தில் வந்த எழுத்துகள் வாசலிலேயே மாண்டன.

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் மார்க் லார்டின் ஹெச்டிபார்ம் கருவியில் இருக்கும் 'யு' என்ற ஆப்ஷன். அதை 1 என்று வைத்தால், ஐடிஇ ஹேண்ட்லர் உள்ளே நுழைந்தபின் எஸ்டிஐ போட்டுக் கதவைத் திறந்துவிடும். கதவைச் சாத்து என்று ஃபிளாக் வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, உள்ளே போனபின் தானே திறந்துவிடுவது. சீரியல் போர்ட்டில் எழுத்துகள் தொலைவது நின்றது, கணினி சுறுசுறுப்பானது. கூடவே, சிஎம்டி 640பி, ஆர்இசட் 1000 போன்ற சில கட்டுப்படுத்திச் சில்லுகளில், நடுவில் மற்ற இன்டரப்டுகள் புகுவதால் வட்டு வேலைக்கு ஏற்படும் தாமதம் ஃபைல் சிஸ்டத்தையே அலங்கோலமாக்கிவிடும் என்று அக்கருவியின் கையேடு எச்சரித்தது. ஹேண்ட்லருக்குக் கதவைச் சாத்துவதா திறப்பதா என்ற முடிவு ஒவ்வொரு டிரைவர் ஆசிரியரின் கையிலும், கடைசியில் கணினியைப் பயன்படுத்துபவரின் கையிலும் வந்து விழுந்திருந்தது. என்னைக் கேட்டால் இந்த ஃபிளாக்கின் ஆதிக்குறை இதுதான். தன் ஹேண்ட்லருக்கு என்ன வேண்டும் என்று டிரைவருக்குத் தெரியும். பக்கத்துக் கம்பியில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. தெரியாதவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் தவறு.

1996-இல் 2.0 வந்தபோது பிசிஐ பஸ் பரவத் தொடங்கியிருந்தது. பிசிஐயில் பல சாதனங்கள் ஒரே இன்டரப்ட் கம்பியைப் பங்குபோடலாம். அதற்கென்று எஸ்ஏ எஸ்ஹெச்ஐஆர்க்யூ என்ற தம்பி பிறந்தான். இன்றும் நலமாக இருக்கிறான். 128-இல் குடியிருப்பவன் அவனே. அண்ணனுக்குத் தம்பியால் வந்த வம்பைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். 1999 ஜனவரியில் 2.2 வந்தபோது அசெம்பிளி நுழைவாயில்கள் ஒன்றாகிவிட்டன. வேகம், மெதுவு என்ற சாதிப் பிரிவு போய், ஃபிளாக்குக்கு ஒரே அர்த்தம் மிஞ்சியது: என் ஹேண்ட்லர் ஓடும்போது இந்தச் செயலியில் மற்ற இன்டரப்டுகளைத் தடுத்து வை. 'இந்தச் செயலியில்' என்பதைக் கவனிக்க வேண்டும். பல செயலிக் கணினிகள் வந்துவிட்டதால், கதவைச் சாத்துவது தன் அறைக்கு மட்டுமே பாதுகாப்பு. பக்கத்துச் செயலி அதே தரவில் கைவைப்பதைத் தடுக்காது, அதற்குப் பூட்டுகள் வேண்டும். ஆனாலும் டிரைவர் ஆசிரியர்கள் பழக்கத்தில் ஃபிளாக்கைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். முந்தைய டிரைவரிலிருந்து நகலெடுத்து எழுதுவதுதானே வழக்கம். அதில் இருந்தால் இதிலும் இருக்கும்.

2006 செப்டம்பரில் வெளியான 2.6.18 இந்தக் கதையின் பெரிய திருப்பம். இங்கோ மோல்னாரும் தாமஸ் கிளைக்ஸ்னரும் எல்லா வன்பொருளுக்கும் பொதுவான இன்டரப்ட் அடுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிக்னலிடம் கடன் வாங்கிய பெயர்களை அத்தோடு கைவிட்டு, இன்டரப்டுக்கென்றே ஐஆர்க்யூஎஃப் என்ற முன்னொட்டைக் கொடுத்தார் கிளைக்ஸ்னர். எஸ்ஏ இன்டரப்ட் ஐஆர்க்யூஎஃப் டிஸேபிள்டு ஆனது. 32 என்ற முகவரியும் அப்போது கிடைத்ததே. முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்த 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' மூன்றாம் பதிப்பில் பழைய பெயர் அச்சாகி இருந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துப் படித்த ஒரு தலைமுறை இன்றுவரை பழைய பெயரைத்தான் முதலில் சொல்கிறது.

அதே 2.6.18-இல் லாக்டெப் என்ற பரிசோதனைக் கருவியும் கெர்னலில் சேர்ந்தது. பூட்டுகளைத் தப்பான வரிசையில் எடுத்து ஒன்றையொன்று முடக்கிக்கொள்ளும் பிழைகளை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஹேண்ட்லர்கள் நடுவில் குறுக்கிடப்படாமல் ஓடினால்தான் அதன் கணக்கு சரியாக வரும். ஆகவே லாக்டெப் சேர்த்துக் கட்டிய கெர்னலில், டிரைவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டிஸேபிள்டு ஃபிளாக்கைக் கெர்னலே போட்டுவிடும். பலன் என்ன? டிரைவர் எழுதுகிறவர் தன் மேசையில் லாக்டெப்போடு சோதிக்கிறார். ஹேண்ட்லர் கதவு சாத்திய நிலையில் ஓடுகிறது. மக்கள் கணினியில் லாக்டெப் இல்லை. அதே ஹேண்ட்லர் கதவு திறந்த நிலையில் ஓடுகிறது. சோதித்தது ஒன்று, கடைக்குப் போனது வேறொன்று. சிலர் எரிச்சலடைந்தார்கள், எரிச்சலில் நியாயம் இருந்தது. ஆனால் இந்தக் குளறுபடிதான் பின்னாளில் கெர்னலைக் காப்பாற்றியது. ஏனென்று பார்ப்போம்.

அதற்கு முன் தம்பியால் வந்த வம்பு. ஒரே கம்பியில் மூன்று டிரைவர்கள் பதிவு செய்திருந்தால் அவை ஒரு சங்கிலியாகக் கோக்கப்படும். இன்டரப்ட் வந்ததும் கெர்னல் ஒவ்வொன்றாகக் கூப்பிடும். கதவைத் திறப்பதா சாத்துவதா என்பதை எப்படி முடிவுசெய்தது தெரியுமா? சங்கிலியின் முதல் கண்ணியை மட்டும் பார்த்தது. முதல் டிரைவர் டிஸேபிள்டு கேட்கவில்லையென்றால் கதவு திறந்துவிடும். இரண்டாவது டிரைவர் கேட்டிருந்தாலும் அதன் கோரிக்கை காற்றோடு போகும். முதலில் யார் பதிவாகிறார்கள் என்பது எந்த மாடியூல் முதலில் ஏறியது என்பதைப் பொறுத்தது. இன்றைக்கு ஒரு மாதிரி, ஏதோ ஒரு மாடியூலின் வரிசை மாறினால் நாளைக்கு வேறு மாதிரி. பங்குபோடும் கம்பியில் டிஸேபிள்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று ஒரு எச்சரிக்கை வரியைப் பிறகு சேர்த்தார்கள். கெர்னலின் செய்திப் பதிவில் அந்த வரியைப் பார்த்துப் பயந்து தேடியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். எச்சரிக்கிறோம், சரிசெய்யமாட்டோம் என்று ஓர் அமைப்பு சொல்லத் தொடங்கினால் அதன் நாள் எண்ணப்படுகிறது என்றே பொருள்.

நாள் வந்தது 2010-இல். கொண்டுவந்தவை நெட்வொர்க் அட்டைகள். எம்எஸ்ஐ-எக்ஸ் முறை வந்தபின் ஒரு அட்டைக்கு ஒரு கம்பி என்ற காலம் மலையேறிவிட்டது. பாக்கெட்டுகளைப் பல வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு தனி இன்டரப்ட் வைத்துக்கொள்ளும் அட்டைகள் சர்வர்களுக்குள் வந்தன. இந்த இன்டரப்டுகளெல்லாம் ஒரே செயலிக்கே திருப்பிவிடப்பட்டிருந்தால் என்ன ஆகும்? முதல் வரிசையின் ஹேண்ட்லர் கதவு திறந்த நிலையில் ஓடுகிறது. நடுவில் இரண்டாவது வரிசை கூப்பிடுகிறது. அதன் நடுவில் மூன்றாவது. ஒவ்வொரு குறுக்கீடும் ஸ்டேக்கில் தன் சுமையை இறக்கிவைக்கிறது. கெர்னலின் ஸ்டேக் புரோகிராம்களின் ஸ்டேக்கைப் போல வளராது, அளவு நிலையானது. நிரம்பி வழிந்தால் பக்கத்து நினைவகத்தை அழித்துக்கொண்டு போகும். இது உண்மையிலேயே நடந்தது. ஆண்டி க்ளீன் அந்த வசந்தத்தில் இதைக் கிளப்பினார். ஸ்டேக்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துப் பார்த்து ஒட்டுப்போடலாமா என்ற பேச்சு எழுந்தது.

முடிவில் ஒட்டுப்போடவில்லை. இனி எல்லா ஹேண்ட்லரும் கதவு சாத்திய நிலையிலேயே ஓடும் என்று இங்கோ மோல்னாரின் மாற்றம் தீர்த்துவிட்டது. யாரும் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. ஏதாவது கிறுக்கு வன்பொருளுக்கு அவசியமென்றால் ஹேண்ட்லருக்குள்ளேயே திறந்துகொள்ளட்டும். இதில் ஆபத்து குறைவு என்பதற்கு அவர்கள் காட்டிய முதல் காரணமே லாக்டெப்தான்: நான்கு ஆண்டுகளாக டிரைவர்கள் இப்படித்தான் சோதிக்கப்பட்டு வருகின்றன. அடுத்த காரணம் நேரக் கணக்கு. முன்பெல்லாம் டைமர் இன்டரப்ட் தாமதமானால் கடிகாரமே பின்தங்கும்; இப்போது அப்படி இல்லை. 2010 ஆகஸ்டில் 2.6.35 வெளியானது. அதற்குச் சில வாரம் முன்புதான் ராபர்ட் லவ்வின் 'லினக்ஸ் கெர்னல் டெவலப்மென்ட்' மூன்றாம் பதிப்பு, 2.6.34-ஐ அடிப்படையாக வைத்து, டிஸேபிள்டு ஃபிளாக்கை எப்போது போடுவது என்ற விளக்கத்தோடு கடைக்கு வந்திருந்தது. புத்தகம் எழுதுகிறவர்கள் பாவம்.

ஃபிளாக் அன்றோடு போய்விடவில்லை. வயரை வெட்டிவிட்ட சுவிட்சைப் போலச் சுவரிலேயே இருந்தது. டிரைவர்கள் அதைப் போட்டுக்கொண்டே இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. இது வெற்று ஃபிளாக், நீக்கப்படவிருக்கிறது என்று தலைப்புக் கோப்பில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அப்படியும் புதிதாக எழுதப்பட்ட டிரைவர்களில்கூட அது தலைகாட்டியது. நகலெடுக்கும் வழக்கம் குறிப்பைப் படிப்பதில்லை.

இடையில் 64-இல் இருந்த ஆளின் கதை முடிந்தது. பெயர் ஐஆர்க்யூஎஃப் சாம்பிள் ரேண்டம். என் இன்டரப்டுகள் வரும் நேரத்தைக் கணிக்க முடியாது, அதைத் தற்செயல் எண் உருவாக்கப் பயன்படுத்திக்கொள் என்று டிரைவர் சொல்லும் ஃபிளாக். இதுவும் டிரைவரிடம் கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். சிறிய ரவுட்டர்கள் போன்ற பல சாதனங்களின் மறையீட்டுச் சாவிகள் ஒன்றுக்கொன்று பொது எண்களைப் பகிர்ந்து பலவீனமாக இருப்பதை 2012-இல் ஆராய்ச்சியாளர்கள் அம்பலப்படுத்தியபோது, தியோடர் சோ எல்லா இன்டரப்டுகளிலிருந்தும் தற்செயல் தன்மையைச் சேகரிக்கும்படி மாற்றினார். 3.6 பதிப்போடு அந்த ஃபிளாக் போனது. கேட்காமல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

டிஸேபிள்டை அடக்கம் செய்வதுதான் பெரும்பாடு. சொல்லை அகற்ற வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கோப்பையும் தொட வேண்டும். நெட்வொர்க், யுஎஸ்பி, ஸ்கஸி, ஏஆர்எம் பலகைகளின் டைமர் நிரல் என்று அவை எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் ஒப்ப வேண்டும். ஃப்ரீ எலக்ட்ரான்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் ஓப்டெனாக்கர் 2013 வாக்கில் இந்த வேலையில் இறங்கி ஒவ்வொரு டிரைவராக பேட்ச் அனுப்பிக்கொண்டிருந்தார். பேட்ச் ஒவ்வொன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்: ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ அழைப்பின் மூன்றாவது இடத்தில் ஃபிளாக் இருக்கும் வரி போகும், அதே இடத்தில் பூஜ்யம் இருக்கும் வரி வரும். புகழ் தேடித் தராத வேலை. இதை யாராவது செய்யாவிட்டால் கெர்னல் குப்பைமேடாகிவிடும். எஞ்சியவற்றையும் ஃபிளாக்கின் வரையறையையும் சேர்த்துத் துடைத்த மாற்றத்தை வாலண்டின் ராத்பெர்க் 2015 மார்ச்சில் எழுதினார். அது ஜூனில் வெளியான 4.1-இல் இடம்பெற்றது. செயலிழந்து ஐந்து ஆண்டு கழித்து அடக்கம்.

கதவு சாத்துவது கட்டாயமானபின், நீண்ட வேலைகளை எங்கே செய்வது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டுமே? அதற்கு விடை முன்கூட்டியே தயாராக இருந்தது. 2009-இல் வந்த 2.6.30-இலேயே ஹேண்ட்லரை இரண்டாகப் பிரிக்கும் வசதி வந்துவிட்டது. முதல் பாதி ஓரிரு ரிஜிஸ்டரைப் பார்த்து, நம் சாதனம்தானா என்று உறுதிசெய்துவிட்டுப் போய்விடும். மீதியைத் தனி கெர்னல் த்ரெட் ஆற அமரச் செய்யும். கிளைக்ஸ்னர் குழு நிகழ்நேரக் கெர்னலுக்காகப் பல ஆண்டு வளர்த்த யோசனை இது. அந்த நிகழ்நேரக் கெர்னலே 2024-இல் 6.12 பதிப்பில் முழுமையாகப் பிரதான மூலநிரலில் சேர்ந்துவிட்டது.

ஃபிளாக் செத்தாலும் அதன் பெயர் சாகவில்லை. நிறுவனங்கள் தனியாகப் பராமரிக்கும் பழைய டிரைவர்களில், சீன மாடியூல்களோடு வரும் ஜிப் கோப்புகளில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. புதிய கெர்னலில் கம்பைல் செய்தால் அறிவிக்கப்படாத பெயர் என்று பிழை வரும். அப்படி வந்தால் பலர் செய்வது, அதே பெயருக்கு 32 என்று தாங்களே ஒரு டிஃபைன் எழுதிப் பிழையை அடக்கிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த பிட்டை நாளைக்கு வேறொரு ஃபிளாக்குக்குக் கொடுக்கமாட்டார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபிளாக் தனியாக இருந்தால் பூஜ்யம் போடுங்கள். 128-இல் இருக்கும் தம்பியோடு (இன்றைய பெயர் ஷேர்டு) சேர்ந்திருந்தால் ஷேர்டை மட்டும் விட்டுவையுங்கள். பிறகு ஃபிளாக் போடாத பழைய ஹேண்ட்லர்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 2.6.35-க்கு முன்பு கதவு திறந்த நிலையில் ஓடியவை அவைதான். உள்ளே, டைமர் இன்டரப்ட் வந்தால் மட்டுமே கூடும் ஜிஃபீஸ் எண் நகரும் வரை சுற்றிக் காத்திருக்கும் லூப் ஏதாவது இருந்தால், ஒற்றைச் செயலிப் பலகையில் அந்த எண் நகரவே நகராது. பலகை அங்கேயே உறைந்துவிடும்.